கதவைச் சாத்திவிட்டுப் பார்த்த ஓவியங்கள்

வெள்ளி இரவு, ஷினோன்

செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வார இறுதியைப் பிரான்ஸில் பாரம்பரிய நாட்களாகக் கொண்டாடுகிறார்கள். 1984இல் தொடங்கிய வழக்கம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் பலவற்றை அப்போது திறந்து காட்டுவார்கள். அதை வைத்துத்தான் இந்தப் பயணத்தையே போட்டோம். தூர் நகரில் வேலை பார்க்கும் மச்சான் காரோடு வந்துவிட்டார். லுவார் ஆற்றுப் பக்கம் வருகிறவர்கள் அரண்மனை பார்க்க வருவார்கள். எங்கள் திட்டத்தில் ஒரு அரண்மனைகூடக் கிடையாது. சின்ன ஊர்களின் பழைய தேவாலயங்கள், அவற்றுக்கு அடியில் இருக்கும் நிலவறைகள், அங்கே எண்ணூறு தொள்ளாயிரம் வருடமாகத் தங்கியிருக்கும் ஓவியங்கள், இவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் பார்த்தது புனித ரதகோந்த் சிற்றாலயம். ஷினோன் ஊரின் கிழக்குக் கோடியில், மலைச்சரிவில், பாதி பாறையைக் குடைந்தும் பாதி கட்டியும் எழுப்பியது. ரதகோந்த் 6ஆம் நூற்றாண்டின் பிராங்க் அரசி. கணவன் குளோத்தாரை விட்டு விலகிப் போய், புவாத்தியேயில் கன்னியர் மடம் தொடங்கியவர். இந்தக் குகையில் தவம் இருந்த ஜான் என்ற துறவியிடம் யோசனை கேட்க வந்தார் என்பது ஊர்க்கதை.

1964இல் இங்கே சுவரின் மேல்பூச்சுக்கு அடியிலிருந்து ஓர் ஓவியம் வெளிப்பட்டது. குதிரைகளில் சிலர் வரிசையாகப் போகிறார்கள், இருவர் தலையில் கிரீடம். இங்கிலாந்தையும் இந்தப் பகுதியையும் சேர்த்து ஆண்ட பிளாண்டாஜெனே குடும்பம் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். யார் யார் என்பதில்தான் சண்டை. இரண்டாம் ஹென்றி, எலியனோர் அரசி, ரிச்சர்ட், ஜான் என்று ஆளுக்கொரு கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. யாரோ ஒரு காலத்தில் பழசாகிப்போன படம் என்று நினைத்து அதன்மேல் பூசிவிட்டுப் போன பூச்சுதான் அதை இத்தனை காலம் வைத்திருந்து கொடுத்திருக்கிறது.

இங்கே எல்லாமே துஃபோ என்ற வெண்மையான சுண்ணாம்புக்கல். கத்தியால் சீவலாம் போல அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. ஷினோன் வீடுகள் முழுக்க அதில்தான் கட்டியவை. கல் வெட்டிய குழிகள் ஒயின் கிடங்குகளாகிவிட்டன. அந்தக் கல்லின் கன அளவில் கிட்டத்தட்டப் பாதி வெறும் நுண்துளை. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஓதம் ஏறிய சுவர் என்போமே, இந்தப் பகுதியின் சுவர்கள் எல்லாமே பிறவியிலேயே அப்படித்தான். அதன்மேல் தீட்டிய ஓவியம் எப்படி நின்றது என்ற கேள்வியோடு இன்று படுக்கப் போகிறேன்.

சனி, தாவான்

ஷினோனிலிருந்து வியென் ஆற்றை ஒட்டியே கிழக்கே போனால் தாவான். சில நூறு பேர் மட்டும் இருக்கும் கிராமம். புனித நிக்கோலாஸ் தேவாலயம் ஒரு காலத்தில் மர்மூத்தியே மடத்தைச் சேர்ந்த துறவிகளின் கிளை இல்லமாக இருந்தது. வெளியே இருந்து பார்த்தால் கார் நிறுத்தத் தோன்றாது. மேல் தேவாலயத்தில் பீடத்துக்கு மேலே வளைந்த சுவரில் அரியணையில் கிறிஸ்து இருக்கிறார். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் நாங்கள் வந்தது கீழே இருப்பதற்காக.

சாவியோடு ஓர் அம்மா வந்தார். பையை மேலேயே வைக்கச் சொன்னார். போனையும் பைக்குள் போடச் சொன்னார். எங்களோடு இன்னும் நாலைந்து பேர். குறுகலான படிகளில் இறங்கியதும் அவர் செய்த முதல் வேலை கதவைச் சாத்தியது. மச்சான் மெதுவாக, "ஏன் மச்சான் சாத்துறாங்க, காத்து வந்தா நல்லதுதானே?" என்றார். அந்த அம்மாவிடம் பிரெஞ்சில் கேட்டதற்கு விளக்கமாகவே பதில் வந்தது.

வெளியே இன்று நல்ல வெயில். வெயிலில் சூடான காற்று நிறைய ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். கீழே சுவர் வருடம் முழுக்கக் குளிர்ந்தே இருக்கும். அந்தச் சூடான காற்று உள்ளே வந்து குளிர்ந்த சுவரில் பட்டால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டில் போலச் சுவர் வியர்க்கும். வியர்ப்பது ஓவியத்தின் மேலேயே. ஆகவே கோடையில் காற்றோட்டம் என்று கதவைத் திறந்துவைப்பது இதற்குச் செய்யும் கெடுதல். குளிர்காலத்தில் கணக்கே மாறிவிடும்: அப்போது வரும் வறண்ட காற்று சுவரைச் சட்டென்று காய வைத்து வேறு தொல்லையைக் கொடுக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலவறை சின்னது. இரண்டு வரிசையாகக் குட்டையான எட்டுத் தூண்கள், அவற்றால் பிரிந்த மூன்று சந்துகள், கையை உயர்த்தினால் கூரை எட்டும் போல உயரம். கூரை தூண்களிலிருந்து வளைந்து எழும் இடங்களில்தான் உருவங்கள். அதனால் ஒவ்வொரு உருவமும் தூணின் தலையில் ஏறி நின்று நம் பக்கம் குனிவது போல இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு வேலை. தாவீது யாழ் வாசிக்கிறார். இன்னொரு வளைவில் சிங்கத்தோடு மல்லுக்கு நிற்கிறார். ஆதாம் மண் கொத்த, ஏவாள் நூல் நூற்கிறாள். பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைகிறார்கள். காமத்தைப் பெண்ணுருவாக்கித் தன் மார்பில் தானே ஈட்டியைப் பாய்ச்சிக்கொள்ளும்படி தீட்டியிருக்கிறார்கள். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கி, அங்கே காத்திருப்பவர்களைக் கைப்பிடித்துத் தூக்குகிறார். அந்தக் காட்சியில் கிறிஸ்துவின் உடல் முழுக்க முன்னே சாய்ந்திருக்கிறது. தூக்குகிற அவசரம் தெரிகிறது.

யார் தீட்டினார், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அறிஞர்கள் பேசித் தீராத விஷயம். எனக்கு ஓவியரின் வேகம்தான் கண்ணில் நின்றது. தாவீதின் மேலாடை மடிப்பு ஒன்றைக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தேன். செங்காவிக் கோடு தோளில் தடித்துத் தொடங்கி, இடுப்பில் மெலிந்து, முழங்காலுக்கு வந்ததும் ஒரு சுழி சுழித்து நிற்கிறது. ஒரே இழுப்பு. தூரிகையை எடுத்து மறுபடி வைத்த தடம் இல்லை. அந்தக் கோட்டை ஒட்டி வெள்ளை வரிகள், அவையும் அதே வேகத்தில். ஆனால் அவை ஆங்காங்கே உதிர்ந்துவிட்டன. செங்காவி மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்குக் காரணம் சுண்ணாம்பு. ஈரமான சுண்ணாம்புப் பூச்சின்மேல் தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டினால், பூச்சு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். வண்ணம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். பூச்சு காய்ந்த பிறகு மேலே வைத்த வண்ணம், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறு ஏதாவது பசையை நம்பித்தான் ஒட்டியிருக்கிறது. பசைக்கு ஆயுள் குறைவு. பல ஓவியங்களில் முகத்தின் கண்ணும் வாயும் கடைசியாகப் போட்டவை என்பதால் முதலில் போயிருக்கும். வெறும் முக வட்டம் மட்டும் நிற்கும்.

காவி, மஞ்சள் மண், சுண்ணாம்பு வெள்ளை, கொஞ்சம் பச்சை, கருமை. வண்ணம் என்று பார்த்தால் இவ்வளவுதான். எல்லாம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குபவை.

அப்புறம், நேற்றைய கேள்விக்கு இங்கே பாதி பதில் கிடைத்தது. சுவரில் தண்ணீர் இருப்பது மட்டும் ஓவியத்தைக் கொல்வதில்லை. தண்ணீர் ஒரே அளவில் இருந்தால் சுவரும் ஓவியமும் அதற்குப் பழகிவிடும். தண்ணீர் ஏறி இறங்கினால்தான் ஆபத்து. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் தன்னோடு உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். இந்த மாதிரிப் பழைய தேவாலயங்களைச் சுற்றிக் கல்லறைகளும் தொழுவங்களும் இருந்திருக்கும், அந்த மண்ணில் வெடியுப்பு வகை நிறைய. ஈரம் காய்கிற இடத்தில் உப்பு படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பில் பூத்தால் பரவாயில்லை, துடைத்து எடுக்கலாம். வறண்ட காற்று அடித்து வேகமாகக் காய்ந்தால் படிகம் பூச்சுக்கு உள்ளேயே உண்டாகும். வளர இடமில்லாமல் பூச்சை வெளியே தள்ளும். தூண் வளைவு ஒன்றின் ஓரத்தில் அப்படிப் பொருக்காக எழும்பியிருந்த துண்டு ஒன்றைப் பார்த்தேன். நகத்தளவுதான். அதில் ஒரு பாதத்தின் இரண்டு விரல்கள் இருந்தன. மூச்சைக் கொஞ்சம் பலமாக விட்டால் விழுந்துவிடும் போல இருந்தது. தன்னாலேயே பின்னால் நகர்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா போதும் என்றார். ஒருவர் இன்னும் இருக்கலாமா என்று கேட்டார். மன்னிக்க வேண்டும், முடியாது என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைத் திறந்தார். ஒவ்வொருவரும் உடம்புச் சூட்டையும், மூச்சிலிருந்து ஈரத்தையும், கரியமில வாயுவையும் உள்ளே விட்டுவிட்டுத்தான் போகிறோம். எனக்கு அவர் செய்தது முழுக்கச் சரி என்றே படுகிறது.

பிரான்ஸில் 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டத்தின் பயனாக, அதற்கு முன் கட்டிய சாதாரணத் தேவாலயங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சியின் சொத்து. பெரிய நகரங்களுக்கு அது சுமையில்லை. சில நூறு பேர் இருக்கும் தாவானுக்கு, ஐரோப்பாவின் நடுக்கால ஓவியங்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய ஒரு நிலவறை சொந்தம். நினைவுச்சின்னத்துக்கு அரசு பணம் தரும், நிபுணர்களை அனுப்பும். கூரை ஓட்டையும் மழைநீர்க் குழாயையும் வருடா வருடம் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்கள்தான்.

ஞாயிறு இரவு, மோன்மொரியோன்

காலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே ஓட்டி வந்தோம். வழியெல்லாம் அறுவடை முடிந்த சூரியகாந்தி வயல்கள். மோன்மொரியோன் பாதாம் மக்கரூனுக்குப் பேர்போன ஊர், வாங்கியாயிற்று. 2000ஆம் ஆண்டிலிருந்து பழைய தெருக்களைப் புத்தகக் கடைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய களிமண் ஒன்றும் உண்டு: மோன்மொரியோனைட். தண்ணீர் பட்டால் பருத்து, காய்ந்தால் சுருங்கும் வகை. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கண்டெடுத்ததால் அந்தப் பெயர். இதே வகைக் களிமண் துஃபோ கல்லிலும் கொஞ்சம் கலந்திருக்கிறது. நனைந்தும் காய்ந்தும் அந்தக் கல் மேலாக உரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்த்தாம்ப் ஆற்றுக்கு மேலே பாறை முகட்டில் அன்னை மரியா தேவாலயம். அதன் பீடத்துக்கு அடியில் புனித கத்தரீன் நிலவறை. தாவானுக்குக் கொஞ்சம் பிந்தியது, 12ஆம் நூற்றாண்டு முடிந்து 13 பிறக்கும் சமயத்து வேலை. அரைக்கோளக் கூரையில் மரியா குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். குழந்தையின் ஒரு கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் முத்தம் கொடுக்கிறாள். அந்தக் காலத்து மரியாக்கள் பெரும்பாலும் அரசியின் விறைப்போடு நேராகப் பார்ப்பார்கள். இவள் நம்மைப் பார்க்கவே இல்லை. குழந்தையும் அவசரத்தில் இருக்கிறது: இன்னொரு கையால் பக்கத்தில் நிற்பவளுக்குக் கிரீடம் சூட்டுகிறது. இந்த ஒரு படத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம் என்று மச்சானிடம் சொன்னேன். "நான் அந்தக் கையைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். ஓவியத்தில் எந்த ஆர்வமும் இல்லாமல் கார் ஓட்ட மட்டும் வந்தவர் அவர்.

இரவு ஓட்டலில் பேச்சு, பழையதைக் காப்பாற்றப் போய்க் கெடுத்த கதைகளுக்குப் போனது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுக்க இது நடந்தது. மங்கிய வண்ணம் பளிச்சென்று தெரிய மெழுகோ வார்னிஷோ பூசினார்கள். பூசியபோது அழகாக இருந்தது. சில வருடத்தில் மஞ்சளாகி, தூசியைப் பிடித்து, சுவர் மூச்சு விடும் துளைகளையும் அடைத்தது. விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். சிமெண்ட் சுண்ணாம்பைவிட இறுக்கம், தண்ணீரை விடாது. தடைப்பட்ட ஈரம் சுற்றிப்போய் எளிதாக வெளியேறும் வழியைத் தேடும். அந்த வழி பக்கத்திலிருக்கும் ஓவியம். போதாததற்குச் சிமெண்டே தன்னிடமுள்ள உப்பையும் சேர்த்துக் கொடுக்கும். இன்னும் சிலர் ஓவியத்தைச் சுவரிலிருந்தே பெயர்த்தெடுத்தார்கள்: ஓவியத்தின் மேல் துணியை ஒட்டி, தோலை உரிப்பது போல வண்ணத்தை மட்டும் உரித்து, பலகையில் ஒட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். இடிந்துகொண்டிருக்கும் கட்டடமானால் வேறு வழியில்லை என்று ஒத்துக்கொள்ளலாம். நல்ல சுவரிலிருந்து அப்படிச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நேற்று தூணிலிருந்து குனிந்த தாவீதைத் தட்டைப் பலகையில் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பெரிய பாடம் இங்கிருந்து தெற்கே, தோர்தோஞ் பகுதியில் இருக்கிறது. ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகை 1940இல் கண்டெடுக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறந்தது. நாளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. மூச்சுக் காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து பாறையைக் கரைத்து, கரைந்தது வேறிடத்தில் வெள்ளைத் திரையாகப் படிந்தது. 1963இல் மூடினார்கள். பதினேழாயிரம் வருடமளவில் தாங்கிய ஓவியம், பதினைந்து வருடக் கூட்டத்தைத் தாங்கவில்லை. சுண்ணாம்புச் சுவரில் தீட்டிய நிலவறை ஓவியத்துக்கும் அதே இரசாயனம்தான்.

திங்கள், சான் சவான்

மோன்மொரியோனிலிருந்து கார்த்தாம்ப் ஆற்றோடு வடக்கே வந்தால் அரை மணி நேரத்துக்குள் சான் சவான். தூரத்திலேயே கோபுர ஊசி தெரிந்துவிடும். 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மடம். நடுக்கூடத்தின் உருளைக் கூரை தரையிலிருந்து சுமார் 17 மீட்டர் உயரம், 40 மீட்டருக்கு மேல் நீளம், முழுக்க ஆதியாகமமும் யாத்திராகமமும். 1100ஐ ஒட்டிய வேலை. கடவுள் சூரியனையும் சந்திரனையும் வானத்தில் கையால் எடுத்து வைக்கிறார். நோவாவின் பேழை அடுக்கடுக்காக மிருகங்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. பாபேல் கோபுரத்துக்குக் கல் சுமக்கிறார்கள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம்.

இன்று இது நிற்பதற்கு முக்கியக் காரணம் ப்ரொஸ்பேர் மெரிமே. கதை எழுதியவராக அறிந்திருப்பீர்கள். 1834இலிருந்து வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராகவும் இருந்தார். இந்தக் கட்டடம் விழும் நிலையில் இருப்பதைப் பார்த்து வருடக்கணக்கில் பணத்துக்காகப் போராடினார். 1840இல் வந்த முதல் பாதுகாப்புப் பட்டியலில் இது இருக்கிறது. 1845இல் ஓவியங்களைப் பற்றிப் படங்களோடு பெரிய நூலையும் வெளியிட்டார். ஓவியத்தைத் தொடும் முன் கூரையையும் தூண்களையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. எந்த ஓவியத்தைக் காக்கவும் முதல் வேலை அதுதான்.

2005ஐ ஒட்டித் தொடங்கிய கடைசிப் பெரிய சீரமைப்பு சில வருடம் நடந்தது. இந்த மாதிரி வேலையின் இன்றைய முறை என்ன என்று கேட்டால், பெரும்பாலும் பொறுமை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, எங்கே பூச்சு உள்ளே பிரிந்து வெற்றொலி தருகிறது என்று வரைபடத்தில் குறிப்பார்கள். உதிரும் துண்டுகளை ஜப்பானியக் காகிதம் ஒட்டித் தற்காலிகமாகப் பிடித்துவைப்பார்கள். ஊசி வழியாகச் சுண்ணாம்புக் குழம்பை உள்ளே செலுத்துவார்கள். உப்புக்கு, காகிதக் கூழைச் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பற்றுப் போடுவார்கள். காயும்போது பற்று உப்பை இழுத்துக்கொள்ளும். எடுத்துவிட்டு மறுபடி போடுவார்கள். இழந்த இடத்தை ஊகித்து வரைவதில்லை. 1939இல் ரோமில் தொடங்கிய மத்திய சீரமைப்பு நிறுவனத்தில் செசாரே பிராந்தி வகுத்த வழி: சிறிய இழப்புகளை மெல்லிய நிமிர்ந்த கோடுகளால் நிரப்புவது. தூரத்தில் நின்றால் படம் முழுதாகத் தெரியும். பக்கத்தில் போனால் எது பழசு எது புதுசு என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

பீடத்துக்கு அடியில் சவினுஸ், சிப்ரியானுஸ் என்ற இரண்டு சகோதரர்களின் நிலவறை. அவர்கள் பட்ட சித்திரவதைகளை, ஒவ்வொரு காட்சிக்கும் இலத்தீன் வரி எழுதி, வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். அதற்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. மேலே ஓர் அறையில் படமாகக் காட்டுகிறார்கள். மச்சானுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்ளோ தூரம் வந்துட்டு டிவியில பாக்கணுமா?" என்றார். நான் அந்தப் படத்தை இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். மேல்கூரை உயரத்தில் இருக்கிறது, காற்றும் பரந்த கூடமும் அதைக் காக்கும். கீழறைக்கு அந்த வசதி இல்லை. தாவானில் பத்து நிமிடம் போதும் என்று கதவைத் திறந்ததும், இங்கே கதவையே திறக்காததும் ஒரே அக்கறைதான். எனக்கு மறுப்பில்லை. இந்த நடுக்கூடக் கூரையின் முழு அளவுப் பிரதியைப் பார்க்க விரும்பினால் பாரிஸில் ஷாயோ அரண்மனையில் இருக்கும் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பிரதிதானே என்று தள்ள வேண்டாம். அங்கே உருவங்களை இங்கே முடியாத அளவுக்கு நெருங்கிப் பார்க்கலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தாவானுக்குப் போகும் முன் திறப்பு நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள், குளிர்காலத்தில் ஏமாற்றம் வரலாம். நனைந்த மழைக்கோட்டோடு நிலவறையில் இறங்காதீர்கள், ஈரத்தை நாமே கொண்டுபோன மாதிரி ஆகும். தூணில் சாயாதீர்கள். வாசலில் அஞ்சலட்டை விற்றால் நான்கைந்து வாங்குங்கள், உண்டியல் இருந்தால் போடுங்கள். தாவானில் அந்த அம்மா சொன்னபடி, அவர்களுக்கு இந்த வருடம் மாற்ற வேண்டியிருப்பது வடக்குச் சுவரோரத்து மழைநீர்க் குழாய்.